கிருமி ஆயுதமும் மிலிட்டரி மருந்தும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தம், பேர்ணாம்பட்டுல இருந்து அந்தாண்ட சித்தூர் ரோடு வரைக்கும் எங்க பக்கம் மிலிட்டரிக்காரங்க நெறய, லீவுல வந்தா பசங்க சுத்தி ஒக்காந்து, கிருமி குண்டு போட்டா என்னண்ணா பண்ணுவீங்கன்னு கேப்பாங்க, ஒரு ஊசி இருக்குடா போட்டா சரியாயிடும்னு பதில் வரும். இந்த நெனப்பே ஆபத்து.

எல்லாத்துலயும் பெரிய தப்பு மாத்திரைய பாதில நிறுத்தறது. ஆந்த்ராக்ஸ்னு சொல்றது வேற ஒண்ணுமில்ல, ஆடு மாட்டுக்கு வர்ற அடைப்பான் தான், ஆனா அதோட ஸ்போர், அதாவது வெத மாதிரி தூங்கிக் கெடக்கற கிருமி, மூச்சு வழியா உள்ள போனா நுரையீரல்ல வாரக்கணக்கா அப்படியே கெடக்கும், ஆன்டிபயாடிக் முளைச்ச கிருமியத்தான் கொல்லும், முளைக்காத ஸ்போர ஒண்ணும் பண்ணாது. அதனாலதான் சிப்ரோஃப்ளாக்ஸசினோ டாக்ஸிசைக்ளினோ 60 நாள் எழுதறாங்க. 1979ல சோவியத் நாட்டு ஸ்வெர்ட்லோவ்ஸ்க்ல மிலிட்டரி லேப்ல இருந்து ஸ்போர் காத்துல கசிஞ்சு கொறஞ்சது 66 பேர் செத்தாங்க, அதுல சிலருக்கு நோய் தெரிஞ்சதே ஆறு வாரம் கழிச்சுதான். 2001ல அமெரிக்காவுல தபால்ல ஆந்த்ராக்ஸ் பவுடர் வந்தப்ப 22 பேருக்கு நோய், 5 பேர் சாவு, ஆயிரக்கணக்கான பேருக்கு 60 நாள் மாத்திரை குடுத்தும் பாதிக்கு மேல முழுசா முடிக்கல. வயிறு பெரட்டுது, இல்ல எனக்குத்தான் ஒண்ணும் இல்லியேன்னு விட்டுடறாங்க. ஒத்துக்கலன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற மருந்து மாத்திக் குடுப்பாரு, நீங்களா நிறுத்தாதீங்க.

அதே மாத்திரைய பால், இரும்பு மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து இதுங்களோட சேத்து முழுங்கினா ஒடம்புல சரியா ஏறாது. டாக்ஸிசைக்ளின போட்டதும் படுத்தா தொண்டைக் குழாய் புண்ணாயிடும், நெறய தண்ணி குடிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒக்காந்திருக்கணும், வெயில்ல தோலும் சீக்கிரம் கருகும், இந்த வேலூர் வெயில்ல கேக்கவே வேணாம்.

பெரியம்மை தடுப்பூசில நடக்கற தப்பு இன்னும் மனசுக்கு கஷ்டம். பழைய வகை ஊசில உயிருள்ள வைரஸ் இருக்கு, போட்ட எடத்துல புண்ணு வந்து பொருக்கு விழற வரைக்கும் தொட்டா அடுத்தவங்களுக்கும் பரவும். 2007ல அமெரிக்காவுல ஊசி போட்ட ஒரு சிப்பாயோட சின்னப் பையனுக்கு, அவனுக்கு ஏற்கனவே எக்ஸிமாங்கற தோல் அரிப்பு நோய் இருந்துச்சு, ஒடம்பு பூரா அம்மை மாதிரி வந்து ஆஸ்பத்திரில உயிருக்குப் போராடித்தான் பொழச்சான். உங்களுக்கோ வீட்ல யாருக்கோ எக்ஸிமா இருந்தா, நெஞ்சுல பிரச்சனை இருந்தா, ஊசிக்கு முன்னாடியே சொல்லிடுங்க. மறைச்சா தைரியசாலின்னு யாரும் மெடல் குத்தப் போறதில்ல.

அட்ரோபின் ஊசிய எல்லாத்துக்கும் மருந்துன்னு நெனைக்கறவங்க இருக்காங்க, அது நரம்ப தாக்கற கெமிக்கலுக்கு, கிருமிக்கு இல்ல. ஒடம்பு அசைவ முடக்கற பாட்டுலினம்ங்கற கிருமி நஞ்சுக்கு ஆன்டிபயாடிக்கும் உதவாது, ஆன்டிடாக்ஸின்ங்கற நஞ்சு முறிக்கற மருந்த சீக்கிரம் ஏத்தணும், ஏன்னா அது இனிமே வர்ற பாதிப்பத்தான் தடுக்கும், ஏற்கனவே செத்துப்போன அசைவு திரும்ப வாரம் மாசம் ஆகும், அதுவரைக்கும் வென்டிலேட்டர் தேவைப்படலாம்.

யார தனியா வைக்கணும்னும் கொழப்பிக்கறாங்க. ஆந்த்ராக்ஸ் மூச்சால ஆளுக்கு ஆள் பரவாது, நுரையீரல தாக்கற நிமோனியா பிளேக் இருமல்லயே பரவும், அதுக்கு மாஸ்க்கும் தனி ரூமும் கட்டாயம். தாடியோட கேஸ் மாஸ்க் போட்டா ஓரத்துல காத்து புகுந்துடும். பவுடர் மேல பட்டா துணிய மெதுவா கழட்டி பையில போட்டு கட்டிட்டு சோப்பு தண்ணில குளிங்க, பிளீச்ச தோல்ல தேய்க்காதீங்க. பட்ட நேரம், எடம், கூட இருந்தவங்க பேரு எல்லாம் உடனே மெடிக்கல் ஆபீசருக்கு சொல்லணும், காய்ச்சல் வரட்டும் பாக்கலாம்னு காத்திருக்கவே கூடாது, ஆந்த்ராக்ஸ்ல மூச்சுத்திணறல் ஆரம்பிச்சப்புறம் காப்பாத்தறது ரொம்ப கஷ்டம்.