பை 4 மாற்றியதும் துண்டித்துப்போன டேங்க் சென்சார்: என் அனுபவம்

தண்டையார்பேட்டை வீட்டில் மோட்டாரும் விளக்குகளும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருளில் ஓடுகின்றன. அது இயங்கும் சின்னக் கணினியான ராஸ்பெர்ரி பை 3-க்குப் பதிலாக பை 4 வைத்து, சேமிப்புக்கு யூஎஸ்பி 3.0-ல் எஸ்எஸ்டியும் சேர்த்து, பழைய பேக்கப்பை ஏற்றினேன். ஹால் விளக்குகள் சரியாக எரிந்தன. மொட்டை மாடி டேங்க் சென்சார் மட்டும் அடிக்கடி தொடர்பிழந்தது. தொட்டி நிரம்பினாலும் மோட்டார் நிற்காது.

பேட்டரி மாற்றினேன், மறுபடி இணைத்தேன். பலனில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய தெரு, பக்கத்து வீட்டு வைஃபை தொல்லையோ என்று சென்சாரும் பல்புகளும் பயன்படுத்தும் ஜிக்பீ வயர்லெஸ் இணைப்பின் சேனலை 11-லிருந்து 25-க்கு மாற்றினேன். அதுவும் வீண். மாற்றியதில் சில பல்புகளைத் திரும்ப இணைக்க வேண்டியிருந்ததுதான் மிச்சம்.

அப்புறம் நிகழ்வுப் பதிவான லாகைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது: இரவு பேக்கப் எஸ்எஸ்டியில் எழுதப்படும் நேரத்தில்தான் சென்சார் துண்டிக்கிறது. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது வரும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் பரவும். ஜிக்பீயும் அதே அலைவரிசைதான். பை 3-ல் யூஎஸ்பி 2.0 மட்டுமே உண்டு என்பதால் இந்தச் சிக்கல் எழவே இல்லை. அருகிலிருக்கும் பல்புகள் தாக்குப்பிடிக்கும், மாடியிலிருந்து வரும் பலவீனமான சிக்னல் மூழ்கிவிடும்.

ஜிக்பீ சிக்னலை வாங்கும் யூஎஸ்பி டாங்கிளை நீல (3.0) போர்ட்டிலிருந்து எடுத்து, ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் கறுப்பு (2.0) போர்ட்டில் செருகி, பெட்டியைவிட்டுத் தள்ளி வைத்தேன். அன்றிரவு பேக்கப் ஓடியபோதும் சென்சார் துண்டிக்கவில்லை. பெரிய நிம்மதி. கேபிள் முக்கியம், போர்ட்டை மட்டும் மாற்றினால் டாங்கிள் எஸ்எஸ்டி பக்கத்திலேயேதான் இருக்கும்.