தென்னையைத் துணியில் எடுப்பது

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. விடிந்து பார்த்தால், பேராவூரணிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோப்பு படுத்துக் கிடந்தது. ஓவியம் படித்தவனாயிற்றே, அதை வரைய உட்கார்ந்தேன். வெடித்த நிலம், வியர்வை வழியும் பூமி உருண்டை என்று பருவநிலை மாற்றச் சுவரொட்டியில் வருவதெல்லாம் வந்தது. எந்த ஊர்ச் சுவரிலும் மாட்டலாம் போல இருந்ததால் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

அப்புறம்தான் மரத்தையே வரைய விடலாம் என்று தோன்றியது. காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்திருப்பீர்களே, அதே வேலைதான்.

அடிமரத்தை அறுத்து வளையம் எண்ணப் பார்க்காதீர்கள். நான் எண்ணிப் பார்த்து ஏமாந்தவன். தென்னைக்கு ஆண்டு வளையம் கிடையாது, உள்ளே நார்ப்புள்ளிகள்தான். அதன் கணக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு மட்டையும் உதிரும்போது தண்டில் ஒரு தழும்பு விழும். ஆண்டுக்குச் சுமார் பன்னிரண்டு. தண்ணீர் இல்லாத காலத்தில் தழும்புகள் நெருங்கிவிடும்.

விழுந்த மரங்களில் பெரும்பாலானவை மக்கிவிட்டன. வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போட்டது, கொட்டகைக்குக் கம்பமாக நட்டது என்று தேடினால் கிடைக்கும். எனக்கு வாய்க்கால் பாலம் கிடைத்தது. தேங்காய் நாரால் தேய்த்துப் பாசியை எடுத்துவிட்டு, இரண்டு நாள் காயவிடுங்கள். ஈரத்தில் ஒன்றும் பிடிக்காது.

துணிக்கு அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி. புது வேட்டியில் கஞ்சி இருக்கும், வேண்டாம். கரிக்குக் கொட்டாங்கச்சியைச் சுட்டு, பொடித்து, துணியில் சலித்துக்கொள்ளுங்கள். அதே அளவு தேன்மெழுகை உருக்கிக் கலந்து, பப்பாளிக் காம்புக்குள் ஊற்றி ஆறவிட்டு உரித்தால் கைக்கு அடக்கமான குச்சி வரும். வெறும் கரித்தூளால் தேய்த்தால் மடிக்கும்போதே கொட்டிவிடும்.

வேட்டியை மரத்தின் நீளவாக்கில் போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்து, இரண்டு முனையிலும் கயிற்றால் கட்டுங்கள். குச்சியைப் படுக்கவைத்து, கொண்டைப் பக்கத்திலிருந்து அடி நோக்கித் தேயுங்கள். அழுத்தக் கூடாது. அழுத்தினால் எல்லாம் கறுத்து, தழும்பு காணாமல் போகும். முழு மரம் எடுக்க ஆசை வரும்; ஒரு வேட்டி போதும்.

எங்கள் மரத்தில் ஓர் ஆண்டு ஏறக்குறைய ஒரு முழம். ஆக எட்டு முழத்தில் எட்டு ஆண்டு. மரம் விழுந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தழும்புகளின் நெருக்கம் மட்டை விரிந்த காலத்தைச் சொல்வது; விரிந்த மட்டை உதிர இரண்டரை ஆண்டு வரை ஆகும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும். ஓரிடத்தில் கோடுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. அப்பாவிடம் காட்டினேன். "மேட்டூர் திறக்காத வருசமாயிருக்கும்" என்றார். எங்களுடையது கல்லணைக் கால்வாயின் கடைமடை, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். 2012 முதல் 2019 வரை குறுவை நெல்லுக்கு ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறக்கவே இல்லை. புயலைப் பற்றி எடுக்கப் போனவனுக்கு வறட்சியும் சேர்ந்து கிடைத்தது.

துணியில் பருவநிலை மாற்றம் என்று எழுதாதீர்கள். தோப்பின் பெயர், மரம் சாய்ந்த திசை, நட்டவர் பெயர் போதும். அதையும் தோப்புக்காரரே தன் கையெழுத்தில் எழுதட்டும். எங்கள் பக்கம் கன்றைத் தென்னம்பிள்ளை என்போம். அப்பா "பிள்ளை வச்சது" என்று ஆரம்பித்து, தாத்தா பெயரை எழுதினார். எனக்கு அப்படி எழுதத் தோன்றியிருக்காது.

கடைசியாக, மேலே செய்தித்தாள் போட்டு இஸ்திரி செய்யுங்கள். மெழுகு இளகி, கரி நூலுக்குள் இறங்கிவிடும். இதைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அழுக்கு வேட்டி என்று அம்மா சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசிவிட்டார். இஸ்திரி போட்ட நான்கு முழம் அப்படியே இருக்கிறது. மீதி நான்கு முழத்தை மறுபடி வாய்க்காலில் இறங்கி எடுத்தேன்.