சினை ஊசி போடறதுக்கு முன்னால மாட்டோட இடுப்பைத் தொட்டுப் பாருங்க

எங்க சின்னம்மா கட்டுத்தறியில ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு. "ஏங் கண்ணு, மூணு சினை ஊசி போட்டாச்சு, சினையே நிக்க மாட்டேங்குது"ன்னு புலம்புனாங்க. எங்க தாராபுரம் பக்கம் இப்படி ஆனா எல்லாரும் ஊசியைத்தான் குறை சொல்லுவாங்க. நான் மாட்டுக்குப் பின்னால போய் நின்னேன். வால் அடியில ரெண்டு பக்கமும் குழி. இடுப்பெலும்பு துருத்திக்கிட்டு நின்னுது.

நீங்களும் இதைக் கையாலயே பார்க்கலாமுங்க. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, முதுகோரம் பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கிற சின்ன எலும்புகள் மேல உள்ளங்கையை வைங்க. லேசா அமுக்கினா நுனி தட்டுப்படணும். அமுக்காமயே ஒவ்வொண்ணும் கூரா எண்ணற மாதிரி இருந்தா மாடு மெலிவு. நல்லா அமுக்கியும் தெரியாம, வால் அடியில கொழுப்பு மடிப்பு விழுந்திருந்தா மிதமிஞ்சின கொழுப்பு. கன்னு போடற நாள்ல இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும். கொழுத்த மாடு கன்னு போட்டதும் தீனியைக் குறைச்சுக்கும், அதுவும் சீக்கிரம் இளைச்சுப்போகும்.

கன்னு போட்டு 4 முதல் 8 வாரத்துக்குள்ள பால் உச்சத்துக்குப் போயிரும். தின்கிற அளவு உச்சத்துக்கு வர 10, 12 வாரமாகும். இடையில பத்தாததை மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைச்சுப் பாலாக் கறக்குது. அப்ப ரத்தத்துல சர்க்கரையும் இன்சுலினும் குறையும். கருமுட்டையை முதிர வைக்கச் சொல்லி மூளையில இருந்து வர்ற சுரப்பும் அடங்கிப்போகும். சினைப் பருவமே வராது, வந்தாலும் கத்தாம ஊமைப் பருவமாப் போயிரும். ஒரு முட்டை வளர்ந்து முதிர ரெண்டு மூணு மாசம் ஆகுது. இன்னைக்கு ஊசி போடற முட்டை, கன்னு போட்ட சமயத்துல மாடு தின்னதை வச்சு வளர்ந்ததுங்க.

அதனால வேலை கன்னு போடறதுக்கு முன்னாலயே தொடங்குது. 2 மாசம் பால் வத்த விடுங்க. கடைசி 3 வாரம் அடர்தீவனத்தை (தானியம், தவிடு, புண்ணாக்குக் கலவை) கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க. கன்னு போட்டப்புறம் தினம் உடம்புக்கு ஒன்றரை கிலோ அடர்தீவனம், அதுக்கு மேல ஒவ்வொரு ரெண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. 10 லிட்டர் கறக்கிற மாட்டுக்கு அஞ்சரை கிலோ வரும். ஒரே நாள்ல ஏத்தாம ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா அரைக் கிலோவா ஏத்துங்க. பசுந்தீவனம் 20, 25 கிலோ. கோ-4 கம்பு நேப்பியர் புல்லு கூட வேலிமசால்ங்கிற பயறுவகைத் தீவனம் கலந்தா நல்லது. தாது உப்புக் கலவை தினம் 50 கிராம். பாஸ்பரஸ் குறைஞ்சாலே பருவம் தள்ளிப்போகும்.

சின்னம்மா போட்டுட்டு இருந்தது ரேஷன் அரிசிச் சோறும் வெறும் சோளத்தட்டும். பால் கூடும்னு சோத்தை அள்ளி ஊத்தறது நம்ம பக்கம் ரொம்ப இருக்குது, தயவுசெஞ்சு விட்டிருங்க. வயித்துல அமிலம் ஏறி இருக்கிற தீனியும் எடுக்காமப் போயிரும். சோத்தை நிறுத்தி, மேல சொன்ன கணக்குல தீவனம் வச்சோம். இடுப்புக் குழி மேவுச்சு, பருவம் கத்தி வந்துது, அடுத்த ஊசியிலயே நின்னுது.

காங்கேயம் மாடு கொறங்காட்டுல, அதான் மானாவாரி மேய்ச்சல் நிலத்துல, மேஞ்சு கொஞ்சமாக் கறக்கிறதால அதுக்கு இந்த இழப்பு பெருசா வராது. கோடையில கொழுக்கட்டைப்புல் காய்ஞ்சா மட்டும் கவனிங்க.

உடம்பு தேறி, கன்னு போட்டு 60 நாள் ஆனப்புறம் ஊசி போடுங்க. காலையில பருவம் கண்டா சாயங்காலம், சாயங்காலம் கண்டா மறுநாள் காலையில. உடம்பு நல்லா இருந்து, ஊசி போட்டும் 21 நாளைக்கு ஒருக்கா திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தாலோ, பருவத்துல வர்ற கோழை கலங்கலாவோ சீழாவோ ஒழுகினாலோ அது கருப்பைக் கோளாறா இருக்கலாம். கால்நடை மருத்துவர்கிட்டக் காட்டுங்க. அதைத் தீவனத்தால சரி பண்ண முடியாதுங்க.