வகுப்பைப் பார்க்கத் தெரிந்தால் போதுமா? தலைமையாசிரியர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியர்களுக்கு வழிகாட்டத் தலைமையாசிரியர்களைத் தயார்செய்யும் பயிற்சிகளில் பாதி நேரம் வகுப்பைப் பார்த்துப் படிவம் நிரப்பக் கற்பதிலேயே கரைந்துவிடுகிறது. வகுப்பைப் பார்த்தபின் ஆசிரியரிடம் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்பதற்கு நேரம் மிஞ்சுவதில்லை. கற்பித்தல் மாறுவதோ அந்தப் பேச்சில்தான்.

பேச்சு கெடுவது பெரும்பாலும் குறிப்பெடுக்கும்போதே. “மாணவர்களிடம் ஆர்வம் குறைவு” என்பது தீர்ப்பு, ஆசிரியர் மறுப்பார். “10 நிமிடத்தில் 12 கேள்விகள், அவற்றில் 9-க்கு முன்வரிசை மூவரே பதில் சொன்னார்கள்” என்று எழுதினால் மறுக்க ஒன்றுமில்லை. பயிற்சியில் எல்லோரும் ஒரே வகுப்பின் வீடியோவைப் பார்த்துத் தனித்தனியே குறிப்பெடுக்கட்டும். பிறகு தீர்ப்புச் சொற்களைத் தாங்களே அடித்து நீக்கட்டும். கண்ணில் பட்டது எவ்வளவு, கருத்து எவ்வளவு என்பது அப்போது தெரியும்.

ஏழெட்டுக் குறைகளை ஒரே மூச்சில் அடுக்குவது அடுத்த தவறு. எதையும் திருத்தாமல் இருக்க அதைவிட நல்ல வழி கிடையாது! ஒரு வாரத்துக்குள் செய்து பார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் எடுங்கள்: உதாரணமாக, கேள்வி கேட்டதும் 3 நொடி பொறுத்து, பிறகு மாணவர் பெயரைச் சொல்வது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளின்படி, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள்; 3 நொடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன.

இதை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு எழுந்துவிடக் கூடாது. வகுப்பின் முன் நிற்பவருக்கு 3 நொடி மௌனம் மிக நீளம். பழக்கமில்லாதவர் தாங்காமல் பதிலைத் தானே சொல்லிவிடுவார். எனவே ஆசிரியர் நாளைய பாடத்தின் கேள்வியையே எடுத்து, தலைமையாசிரியரை மாணவராக உட்காரவைத்து, இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்க்க வேண்டும். கூச்சத்தால் பலரும் தாண்டிப் போகும் கட்டம் இது. தலைமையாசிரியர் முதலில் செய்துகாட்டினால் கூச்சம் பாதி குறையும். அதற்கு அவரும் பயிற்சியிலேயே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் குறிப்புகளை ஆண்டு மதிப்பீட்டுக் கோப்பில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், நீங்கள் வரும் நாளுக்கென்று ஒரு ‘காட்சிப் பாடம்’ தயாராகிவிடும்.

ஒரு வாரத்துக்குள் மறுபடி 15 நிமிடம் அதே வகுப்பில் உட்கார்ந்து, அந்த ஒன்றை மட்டும் பாருங்கள். அந்தப் பாடவேளையை முன்கூட்டியே கால அட்டவணையில் குறிக்காவிட்டால் அலுவலக வேலை அதை விழுங்கிவிடும்.

பயிற்றுநர்களும் இரண்டு நாள் பட்டறையோடு விடைபெறக் கூடாது. பள்ளிக்கு வந்து, தலைமையாசிரியர் ஆசிரியரிடம் பேசும்போது உடனிருந்து குறிப்பெடுத்து, அவருக்கும் திருத்த வேண்டிய ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.