பனிமலைச் சாலைக்கு டிரக் டயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் வான்கூவரிலிருந்து கோக்கிஹல்லா மலை நெடுஞ்சாலை வழியாகக் கேம்லூப்ஸுக்குப் பதினோரு குளிர்காலங்களாகப் பிக்கப் டிரக் ஓட்டி வருகிறேன். அக்டோபர் பிறந்ததும், புதிதாக டிரக் வாங்கிய நண்பர்கள் தங்கள் டயர்களைக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். அவற்றில் பாதி, நான் முதன்முதலில் ஏமாந்து வாங்கிய அதே வகை டயர்கள். வழுக்கையான டயரோடு மலையேறக் கூடாது என்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை; அவற்றை இங்கே எழுதவில்லை.

எம்+எஸ் எழுத்தை நம்புவது

டயரின் பக்கச் சுவரில் உள்ள எம்+எஸ் (M+S) என்ற எழுத்துகள் சேற்றையும் பனியையும் குறிப்பவைதான். ஆனால் அவை பள்ளங்களின் வடிவமைப்பைக் கொண்டு தயாரிப்பாளரே பொறித்துக்கொள்பவை. பனியில் ஓட்டிப் பார்த்துத் தரப்படும் சான்று அல்ல. மூன்று முகடுகள் கொண்ட மலைக்குள் பனிச்செதில் வரைந்த சின்னம் 1999இல் வந்தது. இறுகிய பனியில் நடக்கும் இழுவைச் சோதனையில், ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல் பிடிமானம் காட்டிய டயருக்கே அது கிடைக்கும்.

இது தெரியாமல், கட்டைகட்டையாகப் பிளவுண்ட, பார்ப்பதற்கே முரட்டுத்தனமான சேற்று டயர்களை வாங்கினேன். பனிச்சரிவு சாலையில் விழாமல் தடுக்கும் கிரேட் பியர் பனிக்கூரையைத் தாண்டி ஹோப் என்ற ஊரை நோக்கி இறங்குகையில், பிரேக்கை மெதுவாகத்தான் மிதித்தேன். வண்டி நேராகச் சறுக்கிப்போய், சாலையோரம் ஒதுக்கிக் குவித்திருந்த பனியில் மோதி நின்றது. இறங்கி அந்த ரப்பரை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பிளாஸ்டிக் வாளியைப் போல இறுகிக் கிடந்தது, நகத்தடம்கூடப் பதியவில்லை.

வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் இளக்கமாகவே இருக்கும். அதன் கட்டை ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக இருக்கும். அவற்றில் சிக்கிய பனி, சாலையிலுள்ள பனியைப் பற்றிக்கொள்வதால்தான் வண்டி நிற்கிறது. சேற்று டயரோ உள்ளே புகுந்ததை வெளியே வீசியெறிவதற்காகவே செய்யப்பட்டது. சேற்றோடு பனியையும் அது வீசிவிடுகிறது.

இழுவை வண்டிக்கும் முன்பக்கப் பழுதுக்கும் நான் கொடுத்த பணம், நான்கு நல்ல குளிர்கால டயர்களின் விலையைத் தாண்டிவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, பள்ளங்களில் 3.5 மில்லிமீட்டர் ஆழம் எஞ்சியுள்ள எம்+எஸ் டயரே சட்டப்படி போதுமானது. 'சட்டத்துக்கு இது போதும்' என்று சொல்லி இன்றும் அதே டயரைப் புதியவர்களின் தலையில் கட்டுகிறார்கள். அந்தச் சொல் பொய்யில்லை என்பதால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பின் சக்கரங்களுக்கு மட்டும் மாற்றுவது

நான்கையும் மாற்றுங்கள். திருப்புவதும், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியும் முன் சக்கரங்களுடையவை.

நான்கு சக்கர இழுவை இருக்கிறதே என்று இருந்துவிடுவது

அது ஏறுவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது.

அகலமான டயர்

தோற்றத்துக்காக அகலத்தைக் கூட்டினால், எடை பரவி, டயர் புதுப்பனியின் மேல் மிதக்கத் தொடங்கும். உங்கள் வண்டிக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளில் குறுகலானதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அது தாங்கும் சுமையின் அளவு, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள தகவல் சீட்டில் குறித்திருப்பதைவிடக் குறையக் கூடாது.

காற்றழுத்தத்தை வீட்டிலேயே பார்த்து முடிப்பது

வெப்பநிலை 5 அல்லது 6 பாகை குறையும்போதெல்லாம் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கும். 10 பாகை வெப்பமுள்ள கொட்டகையில் சரியாக இருந்த டயரில், மைனஸ் 15 பாகைக் குளிரில் 4 பிஎஸ்ஐக்கு மேல் குறைந்திருக்கும். ஆகவே காற்றழுத்தமானியை வண்டியிலேயே வைத்திருந்து, இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியைக் காலையில் எடுப்பதற்கு முன் பாருங்கள்.

டயரில் மாட்டும் பனிச் சங்கிலியைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருப்பது

வீட்டு முற்றத்திலேயே, கையுறை அணிந்தபடி, ஒரு முறை மாட்டிப் பாருங்கள்.