கார் ஸ்பீக்கர் வயரை எப்படி இணைப்பது?

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஓடும் வான்களில் கதவு ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடினால், நான் முதலில் பார்ப்பது வயர் இணைப்பைத்தான். முறுக்கி டேப் சுற்றியது இங்கே நிலைக்காது. பனி ஈரம் உள்ளே போய்ச் செம்பு பச்சை பிடிக்கும். தோட்டத்து ரோட்டுக் குலுக்கலில் டேப்பும் கழன்றுவிடும்.

கதவுக்குள் நான் நம்புவது கிரிம்ப் இணைப்பையே, அதாவது வயர் முனைகளைச் சின்ன உலோகக் குழாய்க்குள் விட்டு அமுக்கிப் பிடிப்பதை. 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீற்றர் வயருக்குச் சிவப்பு உறை போட்ட குழாய், 2.5 வரை நீலம். சாதாரணக் குறடு தட்டையாக நசுக்கிவிடும். கிரிம்ப் குறடே வேண்டும், அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அமுக்கியதும் இழுத்துப் பாருங்கள். வயர் கையோடு வந்தால் வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

சோல்டரும் நல்லதுதான். ஆனால் ஈயம் ஏறி விறைத்த இடத்தை ஒட்டி, அதிர்வில் இழைகள் முறியும். அதனால் உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போட்டு, வயர் ஆடாமல் கட்டிவிடுங்கள். ஸ்பீக்கர் முனையில் நேரடியாக ஈயம் வைக்க வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் இளகும். அங்கே தட்டை முனையில் செருகும் ஸ்பேட் கனெக்டர் போதும். பெரும்பாலும் அகலமான முனைதான் பிளஸ்.

சரி, இன்னொன்று: இரண்டு வயரின் இணைப்புகளையும் ஒரே இடத்தில் வைக்காமல் முன்பின்னாக வையுங்கள். உறை தேய்ந்தாலும் ஒன்றோடொன்று தொட்டு ஷோர்ட் ஆகாது.