"நம்ம பிள்ளைதானே" என்று தொடங்கும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்துத் தமிழ்ப்பள்ளியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பாலர் பள்ளி உதவியாளர் ஒரு பிள்ளைக்கு அத்தை முறை, இன்னொரு பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி. "நம்ம பிள்ளைதானே, இதுக்கு எதுக்கு எழுதி வெக்கணும்?" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. சிறப்புக் கல்வி வகுப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். பேம்பர்ஸ் மாற்றுவதிலும் கழுவிவிடுவதிலும் மாதவிடாய் நாளில் உதவுவதிலும் நான் பார்த்த பல தவறுகள் இந்தப் பாசத்தில்தான் தொடங்கின.

நான் செய்ததையே முதலில் சொல்கிறேன். ஒரு பையன் கால்சட்டையை நனைத்துவிட்டான். கைக்கு ஆள் இல்லை. ஐந்தாம் ஆண்டில் படித்த அவன் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினேன். பாடத்தை விட்டு வந்த அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டே தம்பியைக் கழுவினாள். அது பெரியவர்கள் வேலை. அண்ணன், அக்கா, கூடப் படிக்கும் தோழி யாரையும் அனுப்பக் கூடாது.

அடுத்தது, கேட்காமல் தொடுவது. பேச்சு வராத பிள்ளையிடம் கேட்டு என்ன பயன் என்பார்கள். பெருமூளை வாதம் உள்ள ஒரு சிறுமியிடம் "கண்ணு, பேம்பர்ஸ் மாத்தலாமா?" என்று கேட்டுவிட்டு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுவேன். நான்கில் இடுப்பைத் தூக்கப் பார்ப்பாள். அதுதான் அவள் சம்மதம். ஒருநாள் தூக்கவில்லை, உடம்பை இறுக்கிக்கொண்டாள். அவசரப்படாமல் மெல்லப் பிரித்தபோது தொடை இடுக்கு சிவந்து புண்ணாகியிருந்தது.

அந்த நேரத்தில் படம் எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பக் கை துடிக்கும். கூடவே கூடாது. போனைக் கழிப்பறைக்குள் கொண்டு போகவே வேண்டாம். அம்மாவை அழைத்து வாயால் சொல்லுங்கள். நேரம், பார்த்தது, செய்தது, கூட இருந்தது யார் என்பதை அன்றே புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கதவு விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பூட்டிக்கொள்கிறார்கள், அல்லது பாதுகாப்பு என்று அகலத் திறந்து வைக்கிறார்கள். என் கணக்கில், சாத்திய கதவு, போடாத தாழ்ப்பாள், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் விவரம் தெரிந்த ஓர் ஆள். தூக்க இரண்டு பேர் தேவைப்படாத பிள்ளையைச் சுற்றி மூன்று பேர் நிற்பதும் அவமானம்தான்.

கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம் என்பதும் தப்பு. முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அழுக்கான கையுறையோடு கதவுப் பிடியையும் மாற்று உடையையும் தொடக் கூடாது. பெண் பிள்ளைகளை முன்பக்கமிருந்து பின்பக்கமாகவே துடைக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். அடிக்கடி மாற்றச் சிரமம் என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பதுதான் எனக்கு மிகவும் கோபம் வரும் தவறு. இந்த வெயிலில் அது மலச்சிக்கலையும் சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும்.

உறுப்புகளை "ஷேம் ஷேம்" என்று சொல்லிப் பழக்காதீர்கள். பெயர் தெரியாத பிள்ளையால், யாராவது தொட்டால் எங்கே என்று சொல்ல முடியாது.

அப்படி ஒரு நாள் சொன்னால், கைகாட்டப்படும் ஆள் கோயில் கமிட்டியில் இருப்பவராகவோ நம் சொந்தமாகவோ இருக்கலாம். "அப்படியெல்லாம் சொல்லாதே" என்று அடக்க வேண்டாம். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். துருவித் துருவிக் கேட்காமல், பிள்ளை சொன்ன வார்த்தைகளையே எழுதி, தலைமையாசிரியரிடமும் போலீஸிலும் சொல்லுங்கள். தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999 எந்நேரமும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். சொந்தக்காரர் என்பதற்கு அதில் விலக்கு இல்லை.